ஆதம்பாவாவுக்கு நான் குத்திய தேசப்படங்கள்

என் வாழ்நாளில் பதினொரு தேசப்படங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் பத்துப் படங்கள் படுபிழை. அந்தப் பத்தினாலும் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. சரியாகச் செய்த ஒரேயொரு படம்தான் ஒரு நல்ல மனிதரைக் கலாசாலையை விட்டு அனுப்பியது.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. என் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லித் திரிகிறார்கள். மானம் போவது எப்படியும் என்னுடையதுதான். அதை நானே ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. பல்கலைக்கழகத்தில் பூகோளம் படித்து முடித்துவிட்டு, கல்முனைப் பக்கத்து ஆசிரிய கலாசாலை ஒன்றுக்கு விரிவுரையாளராக வந்து சேர்ந்தேன். (கலாசாலையின் பெயர் வேண்டாம். பிழை செய்தது நான், கட்டடம் அல்ல.) வந்த முதல் நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கல்முனை வெயிலில் கோட்டுப் போடுகிறவனுக்கு எவ்வளவு அறிவு இருக்கும் என்பதை மாணவர்கள் அப்போதே கணக்கிட்டிருப்பார்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்லர். இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்த வளர்ந்த மனிதர்கள். சிலருக்கு என்னை விட வயது அதிகம். இரண்டு பேருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர்தான் ஆதம்பாவா. வரிப்பத்தான்சேனையைச் சேர்ந்தவர். வயல் செய்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் கலாசாலை வரை வந்த முதல் ஆள் அவர். முதல் வருட விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கடும் காய்ச்சல் வந்து, உயிர் மிஞ்சி, பார்வை போய்விட்டது. வேறு யாராவது என்றால் வீட்டோடு இருந்திருப்பார்கள். இவர் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வருடம் தொடங்கிய அன்று காலையில் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

மற்றப் பாடங்களைச் சமாளித்தார். கூட்டாளிகள் வாசிக்க, கேட்டுக் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டார். ஒரு தரம் கேட்டால் போதும், பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொல்வார். இடறியது என் பாடத்தில்தான். சுவரில் தொங்கிய தேசப்படத்தை யார் வாசித்துச் சொல்வது? (அந்தப் படம் ஆங்கிலத்தில் இருந்தது. கண் தெரிந்தவர்களிலும் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும்தான்.)

ஆசிரியர் கூட்டத்தில் கலாசாலை அதிபர் சொன்னார். "படத்தப் பார்க்கேலாத ஆள் எப்புடிப் பூகோளம் படிப்பிக்கிற? பாவந்தான். ஆனா, இந்தத் தவணையோட அனுப்பத்தான் வேணும்."

நான் எழும்பி நின்றேன். எழும்பாமல் இருந்திருக்கலாம்.

"சேர், அவருக்குப் பார்க்கேலாட்டி, தொட்டுப் படிக்கிற மாதிரிப் படம் நான் செஞ்சு தாறன். எல்லாரும் படிக்கிற பாடத்த அவரும் படிப்பார்!" என்றேன்.

கூட்டம் வாயடைத்துப் போனது. அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை இப்படி நடந்தது. என் மாமா ஒருவர் சம்மாந்துறையில் நெல் ஆலை ஒன்றில் கிளாக்கராக இருந்தார். அவரிடம் போய் நெல் மூட்டை தைக்கிற சாக்கு ஊசி ஒன்று வாங்கி வந்தேன். தடித்த மட்டைத் தாளில் பென்சிலால் தேசப்படத்தைக் கீறுவேன். கீழே பழஞ்சாக்கை மடித்து வைப்பேன். கீறிய கோட்டின் மேல் ஊசியால் நெருக்க நெருக்கக் குத்திக்கொண்டு போவேன். தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். விரலை வைத்தால் கரையும் ஆறும் மலையும் தட்டுப்படும். இந்த 'மறுபக்கம்' என்ற சொல்லை வாசகர் தயவுசெய்து கவனிக்கவேண்டும். நான் கவனிக்கவில்லை.

முதற்படம் ஆசியா. குத்தி முடிக்கப் பதினைந்து நாள். என் பெருவிரல் மாங்காய் போல வீங்கிவிட்டது. அதைத் துணியால் சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன்.

ஆதம்பாவாவை மேசைக்கு அந்தப் பக்கம் இருத்தி, நான் இந்தப் பக்கம் இருந்துகொண்டு படத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் தடவினார். வெகுநேரம் தடவினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சேர், மேல்ப்பக்கம் வடக்குத்தானே?"

"ஓம்."

"இலங்கை எங்க சேர்?"

அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன்.

"மறுகா மக்கா எங்க சேர்?"

அதற்கும் பிடித்து வைத்தேன். அவருடைய விரல் மக்காவில் இருந்து இலங்கைக்கு வந்தது. திரும்ப மக்காவுக்குப் போனது. அங்கேயே நின்றது. கொஞ்சம் யோசித்தார்.

"என்ன, வெளங்கல்லியா?"

"வெளங்கிட்டு சேர்," என்று சிரித்தார். "நல்லா வெளங்கிட்டு."

அன்று எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஏழு மாதத்தில் பத்துப் படம் குத்தினேன். ஆதம்பாவா எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். எந்த நாட்டுக்கு எந்தப் பக்கம் எந்தக் கடல் என்று கேட்டால் சுவர்ப்படத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களை விட வேகமாகச் சொல்வார். ஒரு தரமாவது பிழை சொன்னதில்லை. நான் பஸ்ஸிலும், தேத்தண்ணிக் கடையிலும், பள்ளிவாசல் வாசலிலும் கண்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தேன். 'கண் தெரியாத ஆளுக்குப் பூகோளம் படிப்பிக்கிற மாஸ்டர்' என்று என்னைக் காட்டிப் பேசினார்கள். நான் காதில் விழாதது போல நடந்துபோவேன். (இரண்டாம் தரம் விழட்டும் என்று மெதுவாக.)

என் வாய்தான் வினையை வீட்டுக்குக் கூட்டி வந்தது. கதை கொழும்பில் கல்விப் பகுதிக் கந்தோர் வரை போயிற்று. அங்கிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து பார்ப்பதாகக் கடிதம் எழுதினார். அவர் திருப்திப்பட்டால் ஆதம்பாவா கடைசிப் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் இல்லை. மனப்பாடம் செய்த படம் உதவாது என்பதற்காக, உலகத்தில் இல்லாத ஒரு தீவைத் தானே கீறி அனுப்பியிருந்தார். அதைத் தொடுகிற படமாக்கி, தான் வருகிற நாள் வரைக்கும் ஆதம்பாவாவின் கையில் படாமல் வைத்திருக்கவேண்டும் என்று குறிப்பும் இருந்தது. நியாயமான மனிதர்.

அதிகாரி திங்கட்கிழமை வருகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சித்திரப் பாடம் படிப்பிக்கிற அருளப்பு மாஸ்டரின் அறையில் அந்தத் தீவைக் குத்தி முடித்தேன். அருளப்பு கல்முனை வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். என் சினேகிதர். தாளைத் திருப்பி அதிகாரியின் கீறலுக்குப் பக்கத்தில் பெருமையாக வைத்தேன்.

அருளப்பு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐசே, கிழக்குப் பக்கம் கிடந்த துறைமுகம் எப்புடி மேற்க போச்சு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. முன்பக்கம் கீறி முன்பக்கம் குத்தினால், புள்ளி எழும்புகிற மறுபக்கத்தில் எல்லாம் இடம் வலமாகத்தான் மாறி நிற்கும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஓடிப்போய்ப் பழைய படங்களை எடுத்து வந்தேன். ஆசியாவில் இலங்கைக்குக் கிழக்கே மக்கா. மேற்கே, சூரியன் உதிக்கிற யப்பான், பாவம், இருட்டிப்போய்க் கிடந்தது. பத்துப் படமும் அப்படியே. நான் எப்போதும் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து, படத்தைத் தலைகீழாகப் பார்த்தேன் அல்லவா? அங்கிருந்து பார்க்க மக்கா என் இடக்கைப் பக்கம் வழமை போலவே தெரிந்தது. சந்தேகமே வரவில்லை. பல்கலைக்கழகம் எனக்குப் பூகோளத்தில் பட்டம் தந்திருந்தது!

சாக்கு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன்.

"இருந்து என்ன செய்யிற? படத்தத் திருப்பிக் கீறிச் சரியாக் குத்தும்," என்றார் அருளப்பு. "அதுக்கு முதல் அந்தப் பொடியனிட்டப் போய் விசயத்தச் சொல்லிரும்."

பிழைத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தைத் திருப்பிக் கீறினேன். (கிழித்துப் போட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) சனிக்கிழமை முழுவதும் இருந்து சரியாகக் குத்தினேன். என் வாழ்நாளிலேயே பிழையில்லாத ஒரே படம். ஆனால் ஆதம்பாவாவிடம் சொல்லவில்லை.

ஏன் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். பாவம், அவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. அதிகாரி வர இரண்டு நாள் இருக்க மனதைக் குழப்பக்கூடாது. படம்தான் இப்போது சரியாகிவிட்டதே, சரியான படத்தைச் சரியாக வாசிப்பார். நல்ல நியாயம்தான். உண்மைக் காரணம் வேறு. ஏழு மாதமாக ஊரெல்லாம் மார்தட்டியவன், 'நான் தந்த உலகம் முழுவதும் பிழை' என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்பட்டேன். அவருக்கு என் முகம் தெரியாது. அப்படி இருந்தும் வெட்கம்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்தவர். மெலிந்த ஆள். மூக்கின் நுனியில் கண்ணாடி. மண்டபத்தின் நடுவே மேசை போட்டு ஆதம்பாவாவை இருத்தினார்கள். அதிபரும் ஆசிரியர்களும் சுற்றிவர. யன்னல்களில் மாணவர்களின் தலைகள். நான் கோட்டுப் போட்டிருந்தேன்.

அதிகாரி தன்னுடைய கீறலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, தீவின்ரை நடுவிலை ஒரு ஊர் இருக்கு. தடவிப் பாரும், கண்டுபிடிச்சிட்டீரோ? சரி. நான் அந்த ஊரிலை நிக்கிறன். துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் நடக்கவேணும்?"

ஆதம்பாவாவின் விரல்கள் ஊரிலிருந்து புறப்பட்டு வலப்பக்கமாகப் போயின. துறைமுகத்தில் போய்ச் சரியாக நின்றன. கிழக்கு! சொல்லுங்க! அவர் கொஞ்சம் நிறுத்தினார். உள்ளே எதையோ புரட்டிப் போடுகிற ஆளைப் போல நெற்றியைச் சுருக்கினார்.

"மேற்கால சேர்," என்றார்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மேற்கையோ?"

"ஓம் சேர். மேற்கால."

"சரி. சதுப்பு நிலம் எந்தப் பக்கம்?"

விரல் இடப்பக்கம் ஓடியது. "அது கிழக்கால."

"ஆறு?"

"வடக்கால மலையில தொடங்கி, தெற்குப் பக்கமா இறங்கி, மறுகா மேற்கால திரும்பிக் கடலுல விழுது சேர்."

வடக்கு சரி. தெற்கு சரி. கிழக்கும் மேற்கும் மட்டும் இடம் மாறி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆதம்பாவாவுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தொழுகிற மனிதருக்கு மக்கா எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருக்குமா? ஏழு மாதமும் என்னுடைய பிழைப் படங்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் திருப்பிப் போட்டுத்தான் எனக்குச் சரியான பதில் சொல்லி வந்திருக்கிறார். இன்றும் அதையே செய்கிறார். நான் சரியாகக் குத்திய படத்தை!

சொல்லவேண்டும். எழும்பிச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சாதாரண இருமல் அல்ல, கண்ணில் தண்ணீர் வருகிற இருமல். யாரோ ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு மனிதரின் எதிர்காலம் என் கண்முன்னே போய்க்கொண்டிருக்க, நான் கோட்டோடு நின்று தண்ணீர் குடித்தேன்.

"அப்ப நான் உம்மடை சொல்லைக் கேட்டு நடந்திருந்தா, கப்பலுக்குப் பதிலா சதுப்பிலை முதலையிட்டைப் போயிருப்பன்," என்றார் அதிகாரி.

யன்னல்களில் சிரிப்பு எழும்பியது. ஆதம்பாவாவின் விரல்கள் தாளின் மேல் அப்படியே நின்றுவிட்டன. என் இருமல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"சேர்," என்றார் மெதுவாக, "இந்தப் படத்த மட்டும் மாத்தியா குத்தின நீங்க?"

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு என் வாய் திறந்தது. நன்றாகவே திறந்தது. அதிகாரியின் பின்னால் கார் வரைக்கும் ஓடினேன். ஊசி, சாக்கு, மறுபக்கம், மக்கா, யப்பான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இன்னொரு படம் இன்றைக்கே குத்தித் தருவதாகக் கெஞ்சினேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது.

"நீர் சொல்லுறது உண்மையா இருக்கலாம். ஆனா நான் காதாலை கேட்டதைத்தானே எழுதேலும்? மட்டக்களப்பு ரெயிலைப் பிடிக்கவேணும். விசயத்தைக் கடிதத்திலை எழுதும், பாப்பம்."

ஐந்து கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. விடயம் கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளதாம்.

அன்று பின்னேரம் ஆதம்பாவா விறாந்தையில் தனியே இருந்தார். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"முதல் நாளே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஓம் சேர்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எப்புடிச் சேர் சொல்ற? வெரலெல்லாம் வீங்கி, அதுல துணி சுத்திக்கிட்டு வந்து நிக்கிறீங்க. எனக்காக ஒருத்தரும் இப்புடிச் செஞ்சதில்ல. அதுல போய்ப் பிழை சொல்லச் சொல்றீங்களா? திருப்பிப் பார்க்கிறது எனக்கு ஒரு வேலையே இல்ல." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்க ஏன் சேர் சொல்லல்ல?"

கொழும்புக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அவர் பெட்டியைக் கட்டினார். தம்பி வந்து கூட்டிப் போனார். போகும்போது பதினொரு படங்களையும் கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துப் போனார். எனக்கு அவற்றைக் கொடுப்பதை விட ஊசியால் என் கண்ணைக் குத்திக்கொள்வது சுகமாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனம் கேளாமல் வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். சம்மாந்துறை வரைக்கும் பஸ், அதற்கு அப்பால் நெல் ஏற்றப் போகிற டிரக்டரின் பெட்டி. ஆதம்பாவாவின் உம்மா என்னைக் கண்டதும் பாய் விரித்து, தயிரும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்.

"எங்கட புள்ளைக்காக நீங்க பட்ட பாட்டையெல்லாம் சொன்னான் சேர். கடைசில கொடுத்த படத்தப் பிழையாச் சொல்லிக் கெடுத்துப் போட்டானாமே. என்ன செய்யிற, அவன்ட நசீபுல அப்புடி எழுதியிரிக்கி."

ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எனக்காக இரண்டாம் தரமும் திருப்பிப் போட்டிருக்கிறார்!

தயிர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். நல்ல வேளை, இந்தத் தரம் இருமல் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழையை அவர் மறைத்தது, அதைக் கண்ட பிறகு நான் மறைத்தது, இரண்டு மறைப்பும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தது. அந்த அம்மா அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஏழு மாசம் ஒரே மேசையில இருந்தீங்க. அப்ப ரெண்டு பேரும் என்னத்ததான் கதைச்சீங்க?"

ஆதம்பாவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவருக்குச் சான்றிதழ் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. ஊரில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சொல்லிக் கொடுத்தார். படத்தைத் தொடச் சொல்லி, 'மாஸ்டர் எங்க பிழை விட்டிரிக்கார், கண்டுபிடிங்க பார்ப்பம்' என்று கேட்பாராம். நானும் அதற்குப் பிறகு எந்த மாணவருக்கு என்ன செய்து கொடுத்தாலும், முதலில் அவர் கையில் கொடுத்து எங்கே பிழை என்று கேட்பேன். தயங்காமல் சொன்னார்கள். சிலர் தாளை வாங்க முன்னமே சொன்னார்கள்.

அறுவடை முடிந்தால் ஆதம்பாவா ஒரு முட்டித் தயிரோடு என் வீட்டுக்கு வருவார். எனக்குக் கலியாணமாகி, ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில் குடியிருந்த முதல் வருடமும் வந்தார். அன்று மனைவி சுபைதா கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். அதைக் கண்ட மாமி, மகளை விருந்தாளியின் முன்னால் வெட்கப்படுத்தக்கூடாது என்று சத்தமில்லாமல் போட்டுவிட்டார். சற்றுப் பொறுத்து நினைவு வந்த சுபைதா, தாய்க்குத் தெரியாமல் தானும் போட்டாள். ஆதம்பாவா ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"சேர்," என்றார், "இது சரியான பூகோளம்."

மாமிக்கும் மகளுக்கும் விளங்கவில்லை. அவர் இருந்து முழுக் கதையையும் சொன்னார். என் இருமலைக் கூட நடித்துக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்து கெடுத்தால் அதற்குப் பெயர் பூகோளம். பிள்ளைகளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இந்தச் சொல்லும் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் என்றொரு பாடம் இருக்கிறது என்று தெரிந்தபோது என் மூத்த மகள் பயந்துபோனாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஆதம்பாவா மௌத்தாகிவிட்டதாகவும் அன்றே அடக்கம் என்றும் தகவல் வந்தது. எனக்கு இப்போது பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. எப்படிப் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவருடைய மூத்த மகன் எனக்கு ஒரு கார் அனுப்பியிருந்தான். அது வந்து நின்ற சற்று நேரத்தில் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. அண்ணனுக்குச் சொல்லாமல் இளைய மகன் அனுப்பியது.

சுபைதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், இரண்டு காரையும் கண்டாள். என்னைப் பார்த்தாள்.

"பூகோளம்," என்றாள்.

வந்த காரை வெறுமனே திருப்பி அனுப்ப எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. ஒன்றில் நானும் மற்றதில் அவளுமாக ஏறி, முன்னும் பின்னுமாக வரிப்பத்தான்சேனைக்குப் போனோம்.